ஒளியறிந்த கனிமம்

சூரிய மின்கலம் ஒன்று ஆய்வகத்தில் உருவானதும் அதன் தரத்தை அறிய முதலில் மேற்கொள்ளப்படும் சோதனை மிக எளியது. கலத்தின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளந்து வரைபடத்தில் குறிப்பர். இருளில் அளந்தால் ஒரு கோடு, ஒளியில் அளந்தால் மற்றொரு கோடு. செம்புக் கம்பியை இவ்வாறு அளந்தால் நேர்கோடு கிடைக்கும். அது ஓம் விதிக்குக் கட்டுப்பட்டது. மின்கலத்தை இருளில் அளந்து பெறும் கோடோ முதலில் தரையோடு தரையாகக் கிடந்து, ஓரிடத்தில் முழங்கால் மடங்கினாற்போல் திரும்பி, அதன்பின் விரைந்து மேலெழும். இருவேறு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் சந்தியிலேதான் அந்தத் திருப்பம் பிறக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் தலைமயிரைவிட மெல்லியதாய்க் காட்மியம் டெலுரைடைப் பூசிச் செய்யப்படும் இக்கால மென்படல மின்கலங்களிலும் சந்தி செம்மையாய் அமைந்துள்ளதா, எங்கேனும் மின்னோட்டம் கசிகிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடே.

குறைகடத்தி என்னும் கருத்தே இயற்பியலில் வேரூன்றாத காலத்தில், கல்கத்தாவின் மாநிலக் கல்லூரியில் ஒருவர் இத்தகைய கோடுகளைப் பொறுமையாக வரைந்துகொண்டிருந்தார். தாவரங்களின் உணர்வை ஆராய்ந்தவர் என்றே பெரும்பாலோர் அறிந்திருக்கும் ஜெகதீச சந்திர போஸ்தான் அவர். அவரைத் தாவரங்களிடம் அழைத்துச் சென்றது ஓர் உலோகச் சந்தி என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை நீதித்துறை நடுவராகப் பணியாற்றியவர். அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய நாளில், அவர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே அச்சிறுவனின் ஒருபுறம் தந்தையின் பணியாளராகிய இசுலாமியர் ஒருவரின் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் சொன்ன பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்களைப் பற்றிய கதைகளே இயற்கையின்மீது தமக்கு நாட்டத்தை உண்டாக்கின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார். பின்னர்க் கல்கத்தாவில் புனித சேவியர் கல்லூரியில் பயின்றபோது, செய்துகாட்டிக் கற்பிப்பதில் வல்லவரான அருட்தந்தை லஃபோன் அவரை இயற்பியலின்பால் ஈர்த்தார்.

மருத்துவம் கற்க 1880இல் இலண்டன் சென்ற போஸை நோய் விடவில்லை. அறுவைக்கூடத்தின் நெடி உடல்நிலையை மேலும் சீர்கெடுக்கவே, மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் கிறிஸ்து கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் இராலே பிரபு. அளவீட்டில் நுணுக்கம், கருவியில் எளிமை என்னும் இரண்டையும் போஸ் அவரிடமிருந்தே பெற்றார் எனலாம்.

1885இல் தாயகம் திரும்பிய போஸுக்கு அரசப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் பரிந்துரையால் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பணி கிடைத்தது. கல்வித்துறை அதனை மனமுவந்து வழங்கவில்லை. இந்தியருக்கு இலக்கியமும் தத்துவமும் கைவரலாம், துல்லியமான அறிவியல் கைவராது என்னும் எண்ணம் அன்றைய அதிகாரிகளிடம் ஆழப் பதிந்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். அவர் பணியை மறுக்கவில்லை, ஊதியத்தை மறுத்தார். மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் நாள்தோறும் வகுப்புக்குச் சென்று கற்பித்தார். தந்தை பல நற்பணிகளில் முதலிட்டுக் கடனாளியாகியிருந்த நேரம் அது. ஊதியத்தின் தேவை வீட்டில் மிகுதியாகவே இருந்தது. அவ்விடைவெளியில்தான், 1887இல், அவருக்கு அபலா தாஸுடன் திருமணம் நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், வங்க அரசின் உதவித்தொகையுடன் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அபலா. உடல்நலக் குறைவால் படிப்பை நிறைவு செய்ய இயலாமல் திரும்பியவர். கணவரின் உறுதிக்கு அவர் தோள்கொடுத்தார். இறுதியில் கல்வித்துறை இறங்கி வந்தது. தொடக்க நாள் முதல் கணக்கிட்டு முழு ஊதியமும் வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று இடம் ஏதும் ஒதுக்கப்படவில்லை. குளியலறையை ஒட்டிய 24 சதுர அடிச் சிற்றறை ஒன்றே போஸின் ஆய்வகம். கருவிகளைச் செய்து தந்தவர் முறையான பயிற்சி ஏதும் பெறாத உள்ளூர்த் தகரக் கொல்லர். 1894ஆம் ஆண்டு தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில் இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே ஒப்படைப்பதென்று போஸ் உறுதி பூண்டார். ஓராண்டுக்குள்ளாகவே அச்சிற்றறையிலிருந்து உலகம் திரும்பிப் பார்க்கும் ஆய்வுகள் வெளிவந்தன.

ஹெர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகள் நீளமானவை. ஒளியைப்போல் அவையும் எதிரொளிக்கும், விலகும், தளவிளைவுறும் என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின் நீளமான அலைகளுக்கு மாபெரும் கருவிகள் தேவை. போஸ் அலையையே சுருக்கினார். 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை குறைந்த அலைகளை உண்டாக்கியதால் அவருடைய ஆய்வகம் முழுவதும் ஒரு மேசையில் அடங்கிவிட்டது. கருவிகளுக்காக அவர் நெடுந்தொலைவு தேடவில்லை. முறுக்கிய சணல் கற்றை அலையின் தளத்தைச் சுழற்றியது. இரயில் கால அட்டவணை நூலின் தாள்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகியதும் அது தளவிளைவாக்கியாகப் பயன்பட்டது. கல்கத்தா நகர மன்றத்தில் 1895இல் அவர் நிகழ்த்திக்காட்டிய சோதனையில் கண்ணுக்குத் தெரியாத அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச்செய்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. 1897 சனவரியில் இலண்டன் இராயல் கழகத்தின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கு அவர் அழைக்கப்பட்டார்.

அலையை உண்டாக்குவதைக் காட்டிலும் அதனை உணர்வதே கடினமாக இருந்தது. அன்றைய உணர்கருவி, உலோகத் துருவல் நிரப்பிய கண்ணாடிக்குழாய். அலை பட்டதும் துருவலின் மின்தடை திடீரெனக் குறையும், மின்னோட்டம் பாயும். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் குழாயைத் தட்ட வேண்டும். ஒருமுறை காட்டியவாறு மறுமுறை காட்டும் என்பதற்கு உறுதியில்லை. போஸ் துருவலை நீக்கிவிட்டு எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, அவற்றின்மீது செலுத்தும் அழுத்தத்தையும் மின்னழுத்தத்தையும் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். கருவி நம்பத்தகுந்ததாயிற்று. அப்போது வேறொரு தொல்லை குறுக்கிட்டது. வங்கத்தின் வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் இரும்பும் எஃகும் விரைவில் துருவேறின. இலண்டனிலோ பாரிசிலோ இருந்த ஆய்வாளர் எவருக்கும் இத்தொல்லை இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது.

துருப்பிடிக்காத உலோகம் எது என்று தேடப் புகுந்தவர், கைக்கெட்டிய உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். தேடல் அவரை எதிர்பாராத இடத்தில் கொண்டு நிறுத்தியது. பெரும்பாலான உலோகங்களில் அலை பட்டதும் சந்தியின் மின்தடை குறைந்தது. பொட்டாசியத்திலோ அது கூடியது. அலை நின்றதும் தட்டாமலே பழைய நிலைக்கு மீண்டது. துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் மின்தடை குறைகிறது என்பது அன்றைய விளக்கம். ஒட்டிக்கொள்வதுதான் காரணமென்றால் மின்தடை கூடுவது எவ்வாறு? நிகழ்வின் இருப்பிடம் சந்தியின் மேற்பரப்பே என்று போஸ் உணர்ந்தார். இவ்வாய்வின் முடிவுகளை 1899இல் இராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

சந்தியைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் அதனை எளிமையாக்க வேண்டும். எண்ணற்ற துருவல்களுக்கும் பல சுருள்களுக்கும் மாற்றாக ஒரே ஒரு தொடுபுள்ளி. கூர்மையான இரும்பு முனை ஒன்று இரும்புப் பரப்பு ஒன்றை மெல்லத் தொடுமாறு அமைத்து, அத்தொடுகையின் அழுத்தத்தை நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். பின்பு மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திக் கால்வனாமீட்டர் காட்டும் மின்னோட்டத்தைக் குறித்தார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு கோடு வந்தது. எந்தக் கோடும் நேர்கோடாக இல்லை. ஏறத்தாழ 0.45 வோல்ட் அளவில் கோடு சட்டெனத் திரும்பி மேலெழுந்தது. சந்தி ஓம் விதிக்குக் கட்டுப்படவில்லை என்பதை அவர் தெளிவாகப் பதிவு செய்தார். கோடு திரும்பும் அந்த மின்னழுத்தத்தில் நிறுத்தும்போதுதான் சந்தி அலைகளை மிகக் கூர்மையாக உணர்கிறது என்பதையும் கண்டார்.

இதன் காரணத்தை இன்று எளிதில் விளக்கலாம். கோடு தரையோடு கிடக்கும் பகுதியில் மின்னழுத்தம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. திருப்பத்தில் நிறுத்தினால் நிலைமை வேறு. வரும் அலை மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தும்போது மின்னோட்டம் வெகுவாகக் கூடுகிறது. அதே அளவு தாழ்த்தும்போது சிறிதே குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யாததால் மிகுதி ஒன்று எஞ்சி நிற்கிறது. அம்மிகுதியே கால்வனாமீட்டரின் முள்ளை அசைக்கிறது. திசை மாறிமாறி அதிரும் அலை, வளைந்த கோட்டினால் ஒருதிசை மின்னோட்டமாக மாறுகிறது. இருமுனையம் செய்யும் வேலை இதுவே.

போஸ் அத்துடன் நிற்கவில்லை. பல பொருள்களின் சந்திகளை அளந்து, அவற்றின் நடத்தைக்கேற்ப நேர்வகை என்றும் எதிர்வகை என்றும் பிரித்தார். ஒரு சோதனையில் மின்னழுத்தத்தைக் கூட்டியபோது மின்னோட்டம் கூடுவதற்கு மாறாகக் குறைந்ததையும் கண்டு குறித்துவைத்தார். பிறர் இதனைக் கருவிக்கோளாறு என்று தள்ளியிருக்கக்கூடும். எதிர் மின்தடை என்னும் இப்பண்பு மின்னணுவியலில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வரிசையில் அவர் கைக்கு வந்ததே கலீனா. காரீயமும் கந்தகமும் சேர்ந்த, வெள்ளிபோல் மின்னும் சாதாரணக் கனிமம். அதன் படிகங்களைக் கொண்டு அமைத்த முனைத்தொடுகை, நுண்ணலைகளை உணர்ந்ததோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் மறுமொழி தந்தது. ஒளி விழுந்தால் கால்வனாமீட்டர் முள் நகர்ந்தது. ஒளியை மறைத்தால் மீண்டது. முன்புறத்தில் ஒரு வில்லையைப் பொருத்தி இதனைச் செயற்கை விழித்திரை என்று அவர் அழைத்தார். மனிதக் கண் காணும் ஒளி, நிறமாலையின் ஒரு குறுகிய பட்டை மட்டுமே. இக்கனிமக் கண்ணோ அப்பட்டைக்கு அப்பாலும் பார்த்தது.

போஸ் செய்தது சூரிய மின்கலம் என்று கூறுவது மிகையாகும். ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839இலேயே பெக்கெரல் கண்டிருந்தார். 1883இல் அமெரிக்கர் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியப் படலத்தின்மேல் மெல்லிய பொன்னைப் பூசி மின்கலம் செய்திருந்தார். போஸின் நோக்கம் மின்சாரம் எடுப்பதன்று, கதிர்வீச்சை உணர்வதே. எனினும், ஒரு சந்தியின் உள்ளியல்பை அதன் மின்னழுத்த, மின்னோட்டக் கோட்டைக்கொண்டு படிக்கலாம் என்னும் அணுகுமுறையை முதன்முதலில் முறையாகக் கையாண்டவர்களுள் அவர் ஒருவர். இது மறுக்க முடியாதது.

கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். 1901இல் இலண்டனில் தந்தி நிறுவனம் ஒன்றின் செல்வந்த உரிமையாளர் விண்ணப்பப் படிவத்துடனேயே வந்து, தம் முதலீட்டுக்கு ஈடாக இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறினார். போஸ் மறுத்துவிட்டார். பொருளாசையின் பிடியில் ஒருமுறை சிக்கினால் மீள இயலாது என்று தாகூருக்கு எழுதிய மடலில் தம் அச்சத்தை வெளிப்படுத்தினார். சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் விடாது முயன்றதன் பயனாகக் கலீனா உணர்கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு மார்ச்சு 29இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதில் பாதி உரிமை சாரா புல் அம்மையார் பெயரில் இருந்தது. குறைகடத்திக் கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளுள் ஒன்று அது. அதனால் போஸ் பொருளீட்டவில்லை. பின்னாளில் கலீனாப் படிகமும் மெல்லிய கம்பிமுனையும் கொண்ட வானொலிப் பெட்டிகள் வீடுதோறும் புகுந்தபோது, அவற்றைக் கேட்டோர் அவர் பெயரை அறிந்திருக்கவில்லை. அறிவு அனைவர்க்கும் உரியது என்ற கொள்கையில் அவர் கொண்ட உறுதி வணங்கத்தக்கது. ஆயினும் அவ்வுறுதிக்கு ஒரு விலை இருந்தது. அவருடைய சந்தி ஆய்வுகளைக் கையிலெடுத்து வளர்க்கத் தொழிற்கூடமோ மாணவர் அணியோ உருவாகவில்லை. அவை ஆய்வேடுகளிலேயே உறங்கின.

போஸும் அவற்றை விட்டு நகர்ந்தார். அதற்குக் காரணம் சந்தியே. தொடர்ந்து அலைகளைச் செலுத்தியபோது உணர்கருவியின் மறுமொழி மெல்ல மெல்லத் தளர்ந்தது. சிறிது நேரம் ஓய்வளித்தால் மீண்டும் தெளிந்தது. அத்தளர்ச்சிக் கோட்டை, களைத்துப்போன தசை காட்டும் கோட்டின் அருகில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒத்திருந்தன. உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே உள்ள எல்லை எங்கே என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1901இல் இலண்டனில் இக்கருத்தை அவர் முன்வைத்தபோது, உடலியங்கியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன் முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். இயற்பியலார் தம் எல்லைக்குள் நிற்கட்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. இராயல் சொசைட்டி அவ்வாய்வுரையை அப்போது வெளியிடவில்லை. எதிர்ப்பு முழுவதையும் பொறாமை என்று தள்ளிவிட இயலாது. இரு கோடுகள் ஒத்திருப்பதனாலேயே அவற்றின் காரணங்களும் ஒன்றாகிவிடா. எனினும் தாவரங்களின் மின்துடிப்புகளைப் பற்றி அவர் பின்னர்த் திரட்டிய சான்றுகள் ஏராளம். தாவர வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் அவ்வழியில் பிறந்ததே.

1915இல் பணி ஓய்வு பெற்ற அவர், தம் சேமிப்பையும் நண்பர்களின் கொடையையும் கொண்டு 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு நிகழும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறுவதில்லை என்று தொடக்க நாளிலேயே அறிவித்தார். ஒருகாலத்தில் அவருடைய ஆய்வுரையைக் கிடப்பில் போட்ட இராயல் சொசைட்டி 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23இல், எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிதியில் அவர் மறைந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் சந்திகளின் காலம் தொடங்கியது. உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடத்தில் மின்னூட்டம் எவ்வாறு தடுக்கப்படுகிறது என்பதை ஷாட்கியும் மாட்டும் 1930களின் இறுதியில் விளக்கினர். 1940இல் பெல் ஆய்வகத்தின் ரஸல் ஓல், ஒளிபட்ட சிலிக்கான் துண்டு ஒன்று மின்னழுத்தம் தருவதைக் கண்டார். 1954இல் அதே ஆய்வகத்தில் சிலிக்கான் சூரிய மின்கலம் பிறந்தது. மறு ஆண்டில், டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிராட்டன், பியர்சனுடன் இணைந்து எழுதிய குறைகடத்தி ஆய்வு வரலாற்றில், வானொலி அலைகளை உணரப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் என்னும் சிறப்பைப் போஸுக்கே அளித்தார். பி-வகை, என்-வகைக் குறைகடத்திகள் இருக்கக்கூடும் என்பதைப் போஸ் முன்னுணர்ந்திருந்தார் என்றும், அவர் தம் காலத்துக்கு அறுபது ஆண்டுகளேனும் முந்தியவர் என்றும் 1977இல் நோபல் பரிசு பெற்ற மாட் மதிப்பிட்டார். போஸ் கையாண்ட காரீய சல்பைடு இன்று நுண்துகள் வடிவில் மென்படலச் சூரிய மின்கல ஆய்வுகளில் இடம்பெற்றுள்ளது.

அவருடைய கருவிகள் கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சணல் கற்றை, தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய நூல், சுருள் உணர்கருவி ஆகியவற்றோடு, உள்ளங்கையளவே உள்ள கலீனா முனைத்தொடுகையும் அங்கே இருக்கிறது.